கொரியா பாய்

ரயில்வே கேட் மூடியிருக்கும் இடத்தில் வண்டி நின்றால் இன்றும் என் உள்ளங்கை வியர்த்துவிடும். எண்பதை நெருங்கிக்கொண்டிருக்கிறேன். என்னைத் தேடி வரக்கூடியவர்கள் யாரும் இப்போது உயிரோடு இல்லை. இருந்தாலும் பின்னால் வந்து நிற்கிற காரின் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டால் திரும்பிப் பார்க்காமல் இருக்க என்னால் முடியாது. காரை ஓட்டிக்கொண்டிருக்கும் மகன், "என்னாம்மா, யாரு வர்றாங்க?" என்று சிரிப்பான். நானும் சிரித்து வைப்பேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் நடுவில் ஒரு வியாழக்கிழமை, ஆலப்பாக்கம் கேட்டில் நின்றிருந்த கடலூர் - சிதம்பரம் பஸ்ஸுக்குள் உட்கார்ந்து அந்தச் சத்தத்தை நான் முதன்முதலாகக் கேட்டேன். யார் வருகிறார்கள் என்று திரும்பிப் பார்க்காமலே தெரிந்துவிட்டது.

எனக்கு அப்போது இருபது வயது முடிந்திருந்தது. கடலூரில் விடுதியில் தங்கி ஆசிரியர் பயிற்சி படித்துக்கொண்டிருந்தேன். அப்பா நான் சிறியவளாக இருந்தபோதே போய்விட்டதால் அம்மா கம்மாபுரத்துக்குப் பக்கத்தில் இருந்த தன் தம்பி வீட்டோடு வந்துவிட்டாள். அந்தத் தம்பிதான் என் தாய்மாமன். மாமாவின் மனைவி, என் அத்தை, வீட்டுக்குப் பின்னால் இருந்த கிணற்றில் இறந்துகிடந்தாள். கால் தவறி விழுந்துவிட்டதாகச் சொன்னார்கள். அவளைக் குளிப்பாட்டியபோது பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதை நான் பார்த்தேன். யாரும் வாயைத் திறக்கவில்லை. என் அம்மாவும் அந்தப் பெண்களில் ஒருத்தி. அத்தை போய் ஆறு வருஷம் கழித்து மாமா என்னைக் கட்டிக்கொள்வதென்று முடிவு செய்தார். என்னிடம் கேட்கவில்லை, அம்மாவிடமும் கேட்கவில்லை. அம்மாவுக்கு எழுதத் தெரியாது. பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கொண்டு ஒரு கார்டு எழுதிப் போட்டிருந்தாள். 'வியாழக்கிழமை மதியம் மாமா உன்னைக் கூட்டிவர வருகிறார்' என்ற ஒரே வரி. அன்று காலையிலேயே மாற்றுப் புடவை ஒன்றைப் பைக்குள் திணித்துக்கொண்டு விடுதியின் சமையலறை வழியாக வெளியே வந்து சிதம்பரம் பஸ்ஸில் ஏறிவிட்டேன். நான் படித்த பள்ளியின் தலைமையாசிரியை ஓய்வு பெற்றுச் சிதம்பரத்தில் தனியாக இருந்தார். அவரைத் தவிர எனக்குப் போக்கிடம் இல்லை. மாமா மதியம் வரை காத்திருக்கவில்லை. நான் கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே விடுதிக்கு வந்து, நான் இல்லை என்றதும் பஸ் ஸ்டாண்டில் விசாரித்து வாடகைக் காரில் துரத்தி வந்திருக்கிறார்.

அந்த பஸ்ஸின் டிரைவரை நான் முன்பே பார்த்திருந்தேன். லால்பேட்டைக்காரர். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். காக்கிச் சட்டையின் பொத்தானைக் கழுத்து வரை போட்டிருப்பார். இடது கையில் கடைசி இரண்டு விரல்களின் நுனி இருக்காது. கொரியா தேசத்துப் பனியில் கருகி விழுந்துவிட்டதாக வழக்கமாக வருகிறவர்கள் சொல்வார்கள். பட்டாளத்தில் லாரி ஓட்டி, அங்கே நடந்த சண்டை ஓய்ந்த சமயத்தில் நம் ராணுவத்தோடு போய்வந்தவர். அதனால் எல்லோருக்கும் அவர் கொரியா பாய்தான். அதற்கு மேல் அவரைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. அன்று அவருக்கு இடப்பக்கம், எஞ்சின் மூடியை ஒட்டியிருந்த பெண்கள் சீட்டில் உட்கார்ந்திருந்தேன்.

பின்பக்கப் படியில் மாமா ஏறினார். அவருக்குப் பின்னால் அவருடைய ஆட்கள் இரண்டு பேர். ஒருவன் கையில் தடி இருந்தது. மாமா கத்தவில்லை. நடுவழியில் மெதுவாக நடந்து வந்து என் சீட்டுக்குப் பக்கத்தில் நின்றார்.

"எறங்கு. ஒங்கம்மா அழுது அழுது படுத்த படுக்கையா கெடக்கா. வா, போவலாம்."

அவருடைய சாந்தமான குரல்தான் என்னைக் குலைநடுங்க வைத்தது. அத்தையின் சாவுக்கு வந்தவர்களை எல்லாம் அந்தக் குரலில்தான் வரவேற்றார். கண்டக்டர் என்னைப் பார்த்து, "வூட்டு ஆளுங்க வந்துருக்காங்கல்ல, எறங்கும்மா" என்றான். பின்னால் ஒரு பெரியவர், "குடும்ப விசயம், நாம என்னா பேச முடியும்" என்று முணுமுணுத்தார். நான் டிரைவர் பக்கம் திரும்பினேன். 'என்னை அனுப்பிடாதீங்க' என்று சொல்ல வாயைத் திறந்தேன். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அவர் என் உதட்டையே பார்த்தார். ஸ்டியரிங்கின் மேல் இருந்த அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது. இவ்வளவு பயப்படுகிற மனிதர் என்னை எங்கே காப்பாற்றப் போகிறார் என்று நினைத்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அவர் எஞ்சினை நிறுத்தினார். தன் பக்கத்துக் கதவைத் திறந்து இறங்கி, பஸ்ஸைச் சுற்றிக்கொண்டு பின்படி வழியாக ஏறி வந்தார். வந்து எனக்கும் மாமாவுக்கும் நடுவில் நின்றார்.

"நீங்க யாரு?"

"தாய்மாமன். கட்டிக்கப் போறவன்."

"சரி. அந்தப் பொண்ணுக்கு வர இஷ்டமா?"

"அத அது எதுக்குச் சொல்லணும்? நா சொல்றேன்ல. அம்மாகிட்ட போவணும்னு அதுவும்தான் தவிக்குது."

அந்த வார்த்தையில் பாயின் முகம் மாறியது. ஏன் என்று எனக்கு அப்போது தெரியாது. "அது மனசுல உள்ளத நீங்க சொல்லாதீங்க. அது சொல்லட்டும்" என்றார். மாமா என்னைப் பார்த்தார். பஸ் முழுக்க என்னைப் பார்த்தது. "பாத்தியா, ஒண்ணும் சொல்லல. சம்மதம்தான்" என்று மாமா என் தோளைப் பிடிக்கக் கையை நீட்டினார். பாய் நகரவில்லை.

"பாப்பா, இங்க பாரு" என்றார் என்னிடம். "பின்னால இருக்கறது வாசப்படி. முன்னால இருக்கறது என் கதவு. ரெண்டும் தொறந்துதான் கெடக்கு. அந்தப் பக்கம் போனா இவுங்களோட போ, நா தடுக்க மாட்டேன். இந்தப் பக்கம் வந்தா சிதம்பரத்துல கொண்டுபோயி வுடறேன். பேச முடியலன்னா பேச வேணாம். நடந்தா போதும்."

டிரைவர் சீட்டுக்குப் போக வேண்டுமென்றால் எஞ்சின் மூடியைத் தாண்ட வேண்டும். கடலூரிலிருந்து ஓடிவந்த வண்டி, மூடி அடுப்புச் சட்டியாகக் கொதித்துக்கொண்டிருந்தது. அதன்மேல் இரண்டு உள்ளங்கைகளையும் முழங்காலையும் ஊன்றித் தவழ்ந்து அந்தப் பக்கம் விழுந்தேன். சூடு தெரியவே இல்லை. விழுந்த இடத்தில் கியர் கம்பியைக் கட்டிக்கொண்டு சுருண்டு கிடந்தேன். தலைக்கு மேலே தடி இறங்கும் சத்தம் கேட்டது. பாயின் காதை ஒட்டி அடி விழுந்திருக்கிறது. எட்டிப் பார்த்தபோது இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு நின்றார். கழுத்துப் பொத்தான் வரை ரத்தம் வழிந்தது. அடித்தவனை அவர் தொடவே இல்லை. "அது சொல்லிடுச்சு. எறங்குங்க" என்றார் மறுபடியும். இரண்டாவது அடி விழுந்தது.

அப்போதுதான் கடலூர் பழைய பட்டணத்தில் கூடையோடு ஏறிய மீன்காரம்மா எழுந்தாள். "ஏய், யார அடிக்கிற? கொதிக்கிற தகரத்துல ஏறிப் போவுது அந்தப் பொண்ணு, அதுக்கப்பறமும் என்னா கேள்வி? எறங்குடா கீழ!" என்று அவள் போட்ட சத்தத்தில் பஸ் விழித்துக்கொண்டது. நாலைந்து பேர் எழுந்தார்கள். குடும்ப விஷயம் என்று சொன்ன பெரியவரும் எழுந்து மாமாவின் ஆள் கையிலிருந்த தடியைப் பிடுங்கினார். அவர்களைத் தள்ளி இறக்கியபோது கூட்ஸ் ரயில் கடந்து போய்க் கேட் திறந்தது.

அங்கிருந்து சிதம்பரம் வரை நான் எழுந்து உட்காரவே இல்லை. பாய் துண்டால் காதைக் கட்டிக்கொண்டு ஓட்டினார். கண்ணாடியைப் பார்ப்பார், "யா அல்லா" என்பார், மறுபடி கண்ணாடியைப் பார்ப்பார். அவர் 'யா அல்லா' என்ற போதெல்லாம் கார் நெருங்கிவிட்டது என்று எனக்குத் தெரியும். புதுச்சத்திரத்தில் நிற்கவில்லை. முட்லூரில் இறங்க வேண்டியவர்கள் இறங்கவேண்டும் என்று கேட்கவில்லை. வெள்ளாற்றுப் பாலத்தில் கார் முந்தப் பார்த்தபோது பாலத்தின் நடுவிலேயே இடம் கொடுக்காமல் பஸ்ஸை ஓட்டினார். நேராகப் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். அங்கிருந்த இன்ஸ்பெக்டர் என் வயதைக் கேட்டு, மேஜர்தான் என்று எழுதிக்கொண்டார். ஆள் அனுப்பித் தலைமையாசிரியையை வரவழைத்து அவரோடு என்னை அனுப்பினார். நான் திரும்பிப் பார்த்தபோது பாய் வாசலில் பஸ்ஸின் சக்கரத்தில் சாய்ந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். அவரிடம் ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டேன்.

ஏழு மாதம் தலைமையாசிரியையின் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. தெருவில் செருப்புச் சத்தம் கேட்டால் சமையல்கட்டுக் கதவின் பின்னால் நின்றுகொள்வேன். வெளியில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியவிடாமல் அவர் மறைத்திருக்கிறார். நம் பெண்ணை ஒரு பாய் கடத்திக்கொண்டு போய்விட்டான் என்று மாமா ஊர் ஊராகச் சொல்லியிருக்கிறார். லால்பேட்டைக்கு ஆள் திரட்டிக்கொண்டு போகவும் பேச்சு நடந்ததாம். தலைமையாசிரியை இரண்டு ஊர்ப் பெரியவர்களிடமும் போய் நடந்ததைச் சொல்லி, மீன்காரம்மாவையும் கூட்டிப்போய்ச் சொல்ல வைத்து, அதை அடக்கியிருக்கிறார். ஆனால் பஸ் முதலாளி வம்பு வேண்டாம் என்று பாயை நிறுத்திவிட்டார். அடிபட்ட காது கேட்காமலே போய்விட்டது. இதெல்லாம் எனக்குத் தெரியவந்த மறுநாள் லால்பேட்டைக்குக் கூட்டிப் போகச் சொல்லி அழுதேன். தலைமையாசிரியையே கூட வந்தார்.

பாயின் மனைவி கதவைத் திறந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீதானா அந்தப் பொண்ணு? கடைத்தெருவுல நாலு பேரு சேந்து நின்னாலே போதும். எவுங்க வர்றாங்களோன்னு புள்ளைங்கள உள்ள இழுத்துப் போட்டுக் கதவச் சாத்துவேன். ஒம்மேல ஜாஸ்தி கோவமாத்தான் இருந்தேன்" என்றார். பிறகு தழும்பாகியிருந்த என் உள்ளங்கையைப் பிடித்துப் பார்த்து, உள்ளே போய்த் தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து தடவிவிட்டார். நான் பாயின் கேட்கிற காதுப் பக்கம் போய் உட்கார்ந்தேன். யாரென்றே தெரியாத எனக்காக ஏன் அப்படி நின்றீர்கள் என்று கேட்டேன். பாய் சொன்னதை அவர் மனைவியும் அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டார்.

கொரியாவில் சண்டை நின்றபோது பிடிபட்டிருந்த கைதிகளில் ஆயிரக்கணக்கானவர்கள் தங்கள் நாட்டுக்குத் திரும்ப மாட்டோம் என்றார்களாம். அவர்களைக் காவல் காத்து, அவரவர் மனதைக் கேட்டு முடிவு செய்யும்வரை பார்த்துக்கொள்வதற்காகத்தான் நம் பட்டாளம் போனது. கப்பலில் போனவர்களை தன் மண்ணில் கால் வைக்கக்கூடாது என்று அந்த நாட்டு அரசு சொல்லிவிட்டதால் ஹெலிகாப்டரில் ஏற்றி, இரண்டு படைகளுக்கும் நடுவில் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு பொட்டல் நிலத்தில் இறக்கினார்கள். முள்கம்பிப் பட்டிகள், ஒவ்வொன்றிலும் சில நூறு கைதிகள். தகரத்தைத் தட்டிக்கொண்டு விடாமல் கத்துவார்கள், கல்லெறிவார்கள். சுடக்கூடாது என்று நம்மவர்களுக்கு உத்தரவு. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கப் பாய் அங்கேதான் பழகியிருக்கிறார். ஒரு கூடாரத்துக்குள் கைதிகளை ஒவ்வொருவராகக் கொண்டுபோய் உட்காரவைப்பார்கள். அவன் நாட்டு அதிகாரிகள் வந்து, ஊருக்கு வா என்று பேசுவார்கள். கூடாரத்துக்கு இரண்டு வாசல். ஒன்றில் வெளியே வந்தால் ஊர், மற்றதில் வந்தால் திரும்பவும் பட்டி. இரண்டாவது வாசலில் வந்தவர்களை லாரியில் ஏற்றிக் கொண்டுபோய் விடுவது பாயின் வேலை.

"அந்த வாசல்ல வர்றவங்க எல்லாரும் மனசார வரல, பாப்பா" என்றார். "ஊருக்குப் போறேன்னு சொன்னா பட்டிக்குள்ள இருக்கற மத்தவங்களே கொன்னுடுவாங்கன்னு பயம். உள்ள அவுங்களுக்குன்னு தலைவன் ஒருத்தன் இருப்பான். அவன் ராஜ்யந்தான். எங்களுக்கு அவுங்க பாஷ தெரியாது. தெரிஞ்சவங்க ரெண்டு மூணு பேருதான், அவுங்களும் கூடாரத்துல இருப்பாங்க."

ஒரு நாள் காலையில் ஒரு பட்டியிலிருந்து வயிற்றுவலி என்று ஒரு கைதியை ஆஸ்பத்திரிக் கூடாரத்துக்கு ஏற்றியிருக்கிறார்கள். மீசை முளைக்காத முகம். துணைக்கு என்று அந்தப் பட்டியின் தலைவனும் ஏறிக்கொண்டான். இறங்குகிற இடத்தில் தலைவன் முன்னால் நடந்தபோது, அந்தக் கைதி பாயின் கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னான். அதில் ஒரே ஒரு சொல்தான் பாய்க்குப் புரிந்தது. ஓம்மா, ஓம்மா என்று திரும்பத் திரும்பச் சொன்னான்.

"எங்க வூட்டுல அம்மாவ உம்மான்னுதான் கூப்புடுவோம். அத்தன தூரம் போயி, அந்தக் குளுருல, அந்தச் சொல்லு காதுல வுழுந்ததும் எனக்கு ஒடம்பு சிலுத்துப் போச்சு. வலி தாங்காம உம்மாவக் கூப்புடறான்னு நெனச்சேன். நாமளும் அப்படித்தான கூப்புடுவோம்? முதுகத் தட்டிக் குடுத்தேன். டாக்டரு பாத்துட்டு வவுத்துல ஒண்ணும் இல்லேன்னாரு. அந்தத் தலைவன் ரெண்டு வார்த்த இங்கிலீசு பேசுவான். அவனே சிரிச்சுக்கிட்டே, 'நோ பெயின், நோ பெயின்'னு சொல்லி அவன் தோள்ல கையப் போட்டுக் கூட்டியாந்தான். நாந்தான் ஏத்துனேன். கதவப் புடிச்சிக்கிட்டு ஏற மாட்டேன்னு நின்னான். இந்தக் கையால அவன் வெரல எடுத்து வுட்டேன்."

நுனி இல்லாத விரல்களை அவர் விரித்துப் பார்த்தார். மூன்றாம் நாள் அதே பட்டியிலிருந்து கம்பளியில் சுற்றிய அவன் உடலைப் பாயின் லாரியில்தான் ஏற்றினார்கள். பாஷை தெரிந்தவரிடம் பாய் போய், அவன் சொன்னதை ஞாபகத்தில் இருந்தவரை ஒலியாகச் சொல்லிக் கேட்டிருக்கிறார். அம்மாவிடம் போக வேண்டும், என்னைத் திரும்பவும் பட்டிக்கு அனுப்பாதே என்று சொல்லியிருக்கிறான் என்றார் அவர்.

"அன்னிக்கும் எனக்கு உள்ளுக்குள்ள ஏதோ தப்பா பட்டுது. கேட்டா வம்பாயிடுமோன்னு பயந்து ஏத்திட்டேன். ஆலப்பாக்கத்துலயும் பயந்தேன். ஒன்ன எறக்கி வுட்டுடலாம்னுதான் மொதல்ல நெனச்சேன். மறைக்க மாட்டேன். ஆனா ஒங்க மாமா, அம்மாகிட்ட போவத் தவிக்குதுன்னு ஒனக்காக அவரே பேசுனாரு பாரு..."

அவர் மனைவி எழுந்து போய் அடுப்படியில் நின்றுகொண்டார். பாய் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஒங்கம்மாவப் பாத்தியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். பயமாயிருக்கிறது என்றேன். "எனக்கும் பயந்தான்" என்றார்.

அடுத்த திங்கட்கிழமை காலை, மாமா விருத்தாசலம் சந்தைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து, பாய் அப்போது ஓட்டிக்கொண்டிருந்த நெல் லாரியில் கிளம்பினோம். முன்னால் பாய், நான், என்னைத் தனியாக அனுப்ப மறுத்துவிட்ட தலைமையாசிரியை. சேத்தியாத்தோப்பு வழியாகப் போனோம். மாமா வீட்டு வாசலில் பாய் லாரியை நிறுத்தினாரே தவிர எஞ்சினை நிறுத்தவில்லை. சத்தம் கேட்டு அம்மா வெளியே வந்தாள். ஏழு மாதத்தில் பாதியாகிப் போயிருந்தாள். கன்னத்தில் பழைய காயம் ஒன்று மஞ்சளாகப் பரவியிருந்தது. என்னைப் பார்த்ததும் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். "எதுக்குடி வந்த? போ, போயிடு, அவன் வந்துடுவான்" என்று கையை ஆட்டினாள்.

பாய் இறங்கி அவளுக்கு எதிரில் போய் நின்றார். "அம்மா, நீங்க எங்களோட வர்றீங்களா, இல்ல, இங்கயே இருக்கீங்களா? எது சொன்னாலும் சரி. ஆனா நீங்க சொல்லணும்."

அம்மா அவரை அதிர்ந்துபோய்ப் பார்த்தாள். என்ன வேண்டும் என்று அவளை அதற்கு முன் யாரும் கேட்டிருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. திரும்பி வீட்டுக்குள் போய்விட்டாள். எதிர்வீட்டில் ஒருவர் வெளியே வந்து எங்களைப் பார்த்துவிட்டு வேகமாகத் தெருக்கோடியை நோக்கி நடந்தார். தலைமையாசிரியை என் கையை இறுக்கிப் பிடித்தார். பாய் லாரிக் கதவைத் திறந்து பிடித்தபடி நின்றார். உள்ளே போனவள் வரமாட்டாள் என்றே நினைத்தேன். அவள் வெளியே வந்தபோது கையில் எதுவுமில்லை. "அடுப்பு எரிஞ்சிக்கிட்டு இருந்துது, அணைச்சிட்டு வந்தேன்" என்றாள். "நா வர்றேன்."

சேத்தியாத்தோப்புப் பாலத்துக்கு வந்த பிறகு பாய் லாரியை ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கினார். ஆற்றைப் பார்த்து நின்றுகொண்டு, வாய்விட்டு அழுதார். அம்மா பயந்துபோய், "யாருடி இவரு? ஏன் அழுவுறாரு?" என்று என்னைக் கேட்டாள். அன்று என்னால் சொல்ல முடியவில்லை. மாமா ஒருமுறை சிதம்பரத்துக்கு வந்து தெருவில் நின்று சத்தம் போட்டார். அம்மாவே வெளியே போய், நான் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து தாழ் போட்டுக்கொண்டு காய்ச்சலில் படுத்தாள். பிறகு அவர் வரவில்லை. நான் ஆசிரியையானேன். அம்மா இருபத்திரண்டு வருஷம் என்னோடு இருந்தாள். பாயும் அவர் மனைவியும் என் கல்யாணத்துக்கு வந்தார்கள். பாய் போய் முப்பது வருஷத்துக்கு மேலாகிறது.

பாய் இறந்த பிறகுதான் அம்மாவிடம் அந்தக் கைதியைப் பற்றிச் சொன்னேன். அப்போது அவளுக்குக் கண் மங்கியிருந்தது. கேட்டுவிட்டு, "அந்தப் புள்ளயோட அம்மாவுக்குத் தெரியுமா?" என்றாள். தெரிந்திருக்காது என்றேன். அப்படியானால் அவள் இன்னும் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாளே என்று சொல்லி அன்று முழுவதும் அம்மா சாப்பிடவில்லை. அந்தத் தாயும் இப்போது இருக்க மாட்டாள். அவள் பெயர் எனக்குத் தெரியாது, மகன் பெயரும் தெரியாது. அவன் கடைசியாக யாரைக் கேட்டு அழுதான் என்பது லால்பேட்டை லாரி டிரைவர் ஒருவருக்குத் தெரிந்திருந்தது. அவர் எங்கள் மூன்று பேரிடம் சொன்னார். அவர் மனைவியும் தலைமையாசிரியையும் போய்விட்டார்கள். எனக்கும் ஏதாவது ஆவதற்கு முன்னால் எழுதிவைத்துவிட வேண்டும் என்ற பயத்தில்தான் இதை எழுதுகிறேன்.